'லினக்ஸ்ல அப்படித்தான் சார்' என்பவர்களுக்கு



பதிவு நீளம். நாற்பது நிமிடப் பாடவேளையில் அசையாமல் உட்கார்ந்த பிள்ளைகள்தானே நீங்கள், படித்துவிடலாம். கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டேன். என் கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கிறது, ஐகானை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ சொல்கிறது என்று எழுதி, அந்தப் பெட்டியைப் போட்டோவும் எடுத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் பதினொரு பதில். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் தங்கை மகன் எழுதியது: "மாமா, லினக்ஸ்ல அப்படித்தான். தூக்கிட்டு விண்டோஸ் போட்டுடுங்க." அதற்கு நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். இன்னொருவர், "சித்தப்பா, ஒரு ஃபார்மட் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார், அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பதினொரு பேரில் ஒருவர்கூட அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

எழுதியிருந்தது இரண்டே வாக்கியம். உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலை ஏற்ற முடியவில்லை. அது காணாமல் போயிருக்கலாம் அல்லது அணுக முடியாத நிலையில் இருக்கலாம். இதைவிடத் தெளிவாக ஓர் இயந்திரம் எப்படிப் பேசும்? புரொஃபைல் என்பது நம்முடைய புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, பார்த்த பக்கங்களின் பட்டியல் எல்லாம் இருக்கும் ஃபோல்டர். ஹோம் ஃபோல்டரைத் திறந்து, மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி கன்ட்ரோலோடு ஹெச் எழுத்தை அழுத்தினேன். புள்ளி வைத்துத் தொடங்கும் மொசில்லா ஃபோல்டர் பத்திரமாக இருந்தது. ஆக, காணாமல் போகவில்லை. மிச்சம் ஒன்றுதான், அணுக முடியவில்லை. வலது கிளிக் செய்து அனுமதிகள் பக்கத்தைப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை, 'ரூட்' என்று இருந்தது. என் வீட்டு பீரோ, சாவி வேறு யாரிடமோ.

குற்றவாளி நானேதான். முந்தின நாள் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டி, புதிதாக மின்ட் போட்டிருந்தேன். பென்டிரைவில் எடுத்துவைத்த பழைய புரொஃபைலைத் திரும்பக் கொண்டுவர, இணையத்தில் யாரோ எழுதிவைத்த கட்டளையை அப்படியே ஒட்டினேன். அதன் தலையில் 'சூடோ' என்று இருந்தது. நிர்வாகியின் அதிகாரத்தில் செய் என்று அதற்குப் பொருள். நிர்வாகி காப்பி எடுத்தால் ஃபைல் நிர்வாகிக்குத்தானே சொந்தமாகும்? ஒற்றை வரிக் கட்டளையில் உரிமையாளரை என் பெயருக்கு மாற்றினேன். ஃபயர்ஃபாக்ஸ் திறந்தது. பக்கத்தில் வைத்த காபி ஆறவில்லை.

இதோடு போயிருந்தால் இந்தப் பதிவு கிடையாது. என் கம்ப்யூட்டர், என் தவறு, நானே சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டு வாரம் முன்பு வீட்டுக்கு வந்த ஒரு பெண்பிள்ளைதான் எழுத வைத்துவிட்டாள்.

அவளுடைய அண்ணன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரிந்தவன்தான். பிளஸ் டூ படிக்கும்போது அவனுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பை இப்போது தங்கை கல்லூரிக்குப் பயன்படுத்துகிறாள். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து நம் நாட்டுக்காக உருவாக்கியது. முக்கால்வாசிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவன் பார்த்தான். பிறகு பாஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டு, விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் பிரவுசரில் எச்சரிக்கைப் பலகை. அம்மா பதறிப்போய் லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் திறந்து பார்த்தார். "இதுல லினக்ஸ் போட்டிருக்கீங்கம்மா, அதான்" என்றார். 700 ரூபாய். மொத்த டிஸ்க்கையும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்தார், அதுவும் திருட்டு விண்டோஸ். மறுநாள் காலையில் வீட்டில் திறந்தால் குரோமில் அதே எச்சரிக்கை.

விண்ணப்பத்தை வேறு இடத்தில் போய்ப் போட்டுவிட்டாள், அந்த மட்டும் நல்லது. லேப்டாப்போடு என்னிடம் வந்தாள். நான் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 2013 ஜனவரி 1. குரோமின் பலகையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, உங்கள் கடிகாரம் பின்தங்கி இருக்கிறது என்று. ஃபார்மட்டுக்கு முன்பு ஃபயர்ஃபாக்ஸ் காட்டிய பலகையை அவள் அண்ணனுக்கு அனுப்புவதற்காகப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி இன்னது என்று உங்கள் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் பாதுகாப்பாக இணைய முடியவில்லை என்று அதிலும் எழுதியிருந்தது. இரண்டு பிரவுசர், இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம், இரண்டும் ஒரே காரணத்தை எழுத்தில் எழுதிக் காட்டியிருக்கின்றன. படிக்கத்தான் ஆள் இல்லை.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு தளமும் நம் பிரவுசரிடம் ஒரு சான்றிதழைக் காட்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும், பஸ் பாஸ் மாதிரி. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் வெகுகாலமாக 90 நாள் ஆயுள் கொண்டவை. உங்கள் கம்ப்யூட்டர் 2013இல் உட்கார்ந்திருந்தால் போன மாதம் கொடுத்த சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. செல்லாது என்று தடுக்கிறது. பிரவுசர் தன் கடமையைத்தான் செய்திருக்கிறது.

கடிகாரம் ஏன் பின்னால் போனது? லேப்டாப்பின் பெரிய பேட்டரி செத்துப் பல வருடம், கரண்ட்டில் செருகித்தான் ஓடுகிறது. உள்ளே மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு, கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அதுவும் செத்துவிட்டது. ராத்திரி பிளக்கைப் பிடுங்கினால் காலையில் தேதி மறந்துவிடும். சரி, லினக்ஸ்தான் இணையம் கிடைத்ததும் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கித் தானே திருத்திக்கொள்ளுமே, அது ஏன் திருத்தவில்லை? எனக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆமா சார், அந்த ஆட்டோமேட்டிக் டைமை நான்தான் ஆஃப் பண்ணேன். விண்டோஸ்ல போனா ஒரு டைம், மின்ட்ல வந்தா ஒரு டைம், அஞ்சரை மணி நேரம் மாறி மாறி வந்துச்சு, கடுப்பாயிட்டேன்" என்றான்.

அஞ்சரை மணி என்றதும் விஷயம் விளங்கிவிட்டது. நம் இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் பொது நேரத்தை வைக்கும். ஒரே கடிகாரத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள், அவ்வளவுதான் சண்டை. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. பையன் அதைத் தேடாமல் தானியங்கித் திருத்தத்தையே அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பல வருடம் கழித்து பேட்டரி செத்ததும் அது தங்கை தலையில் விடிந்தது. புது விண்டோஸாவது திருத்தியிருக்கலாமே என்றால், தன் கடிகாரத்துக்கும் இணையத்து நேரத்துக்கும் 15 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வீட்டுக் கணினிகளில் விண்டோஸின் நேரச் சேவை திருத்த மறுத்துவிடும். பத்து வருடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் என்ன செய்யும்?

ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற பேட்டரி. லினக்ஸுக்கு இதில் என்ன பங்கு என்று பெங்களூர் மாப்பிள்ளை எனக்கு விளக்கட்டும்.

ஃபார்மட்டில் போனது என்ன என்றும் கேளுங்கள். அவர்கள் அப்பா காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. அவருடைய பழைய போன் கெட்டுப்போகும் முன்பு, அதிலிருந்த படங்களையெல்லாம் அண்ணன் அந்த லேப்டாப்பின் லினக்ஸ் பக்கத்தில்தான் ஏற்றி வைத்திருந்தான். வேறு எங்கும் காப்பி இல்லை. கடையில் யாரும் கேட்கவில்லை, இவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. குறையறி சோதனை, அதற்குப் பிறகு குறைதீர் கற்பித்தல். வரிசை மாறக்கூடாது. வகுத்தல் கணக்கில் விடை தப்பாக வந்தால் 'தப்பு' என்று குறுக்குக்கோடு போடுவது வாத்தியார் வேலை இல்லை. பிள்ளை எந்தப் படியில் சறுக்கினான் என்று பார்க்கவேண்டும். பெருக்கல் வாய்பாடு தெரியவில்லையா, கழிக்கும்போது கடன் வாங்க மறந்தானா, அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்கவில்லையா? மூன்றுக்கும் விடை தப்பாகத்தான் வரும், மருந்து மட்டும் வேறு வேறு. நோட்டைக் கிழித்துப்போட்டுப் புது நோட்டில் எழுதச் சொன்னால் அதே பிள்ளை அதே இடத்தில்தான் சறுக்குவான். ஃபார்மட் என்பது நோட்டைக் கிழிப்பது. அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் அதுதான் நடந்தது. புது நோட்டு, பழைய தப்பு.

பிரவுசரில் கோளாறு என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எல்லாத் தளமும் வரவில்லையா, ஒரு தளம் மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கே வந்தால் பழைய குக்கியோ, நீங்கள் சேர்த்துவைத்த ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷனோ காரணம். எல்லாத் தளமும் என்றால் வேறு பிரவுசரில் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் வரவில்லை, குரோமியத்திலும் வரவில்லை என்றால் குற்றம் பிரவுசரில் இல்லை. வெளியே தேடவேண்டும். கடிகாரம் சரியா, வைஃபை இருக்கிறதா, அதே வைஃபையில் போன் ஓடுகிறதா? டெர்மினலில் பிங் கொடுத்து 8.8.8.8 என்ற எண்ணைக் கூப்பிட்டால் பதில் வருகிறது, தளத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் நாலு கேள்வியில் ஆள் அகப்பட்டுவிடுவான்.

ஒரு பிரவுசரில் மட்டும்தான் என்றால் அதிலும் வழி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் உதவி மெனுவில் 'டிரபுள்ஷூட் மோடு' என்று உண்டு. எக்ஸ்டென்ஷன், தீம், கிராபிக்ஸ் முடுக்கம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் திறக்கும். அதில் சரியாக ஓடினால் ஒதுக்கியவற்றில் ஒன்றுதான் வில்லன். பழைய கிராபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் திரை கறுப்பாகப் போவது, படம் துடிப்பது எல்லாம் பலமுறை அந்த முடுக்கத்தை அணைத்தால் நின்றுவிடும். அதிலும் சரியாகவில்லையா? முகவரிப் பட்டையில் ஏபவுட், முக்காற்புள்ளி, புரொஃபைல்ஸ் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் புது புரொஃபைல் உருவாக்கும் பக்கம் வரும். புதியதில் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் பழைய புரொஃபைல் கெட்டிருக்கிறது. ஐகானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து ஃபயர்ஃபாக்ஸ் என்று சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். வாய்திறக்காமல் செத்துப்போன நிரல் அங்கே காரணம் சொல்லிவிட்டுச் சாகும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்பதுகூடக் காரணமாக இருக்கும். எழுத இடமில்லாத பிரவுசர் புக்மார்க்கை எங்கே வைக்கும்?

நிறையப் பேர் செய்யும் ஒரு வேலையைப் பார்த்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஃபயர்ஃபாக்ஸை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவது. நீக்கினால் போவது நிரல் மட்டும்தான். கோளாறு இருக்கும் புரொஃபைல் ஹோம் ஃபோல்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும், புதிதாக வந்த நிரல் அதையே எடுத்துத் திறக்கும். "பாத்தீங்களா சார், ரீஇன்ஸ்டால் பண்ணியும் போகலை, லினக்ஸ்ல அப்படித்தான்" என்று திரும்பவும் ஆரம்பிப்பார்கள்.

லினக்ஸ் யோக்கியன், அதில் குறையே இல்லை என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. உபுண்டுக்காரர்கள் 2022இல் வந்த 22.04 பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் என்ற பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தார்கள். முதல்முறை திறக்க அநியாயத்துக்கு நேரம் எடுத்தது. புரொஃபைல் ஃபோல்டரும் இடம் மாறிவிட்டது, பழைய குறிப்புகளைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது. நான் மின்ட்டில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 32 பிட் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். லினக்ஸில் 32 பிட்டுக்கு குரோம் வருவது 2016லேயே நின்றுவிட்டது. இவையெல்லாம் உண்மையான புகார்கள். புகார் சொல்வதென்றால் இப்படிக் குறிப்பாகச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து திட்டுகிறேன்.

தமிழ் எழுத்து சரியாக வரவில்லை என்று வருபவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். எப்படி வரவில்லை? வெறும் கட்டம் கட்டமாக வருகிறதென்றால் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை, லோகித் தமிழோ நோட்டோவோ நிறுவினால் போதும். ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து மந்திரம் மாதிரி வருகிறதென்றால் அந்தப் பக்கமே ஒருங்குறியில் இல்லை, பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் கிடக்கிறது. தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இன்னும் பழைய குப்பையில் பக்கம் போடுபவரைக் கேட்காமல் லினக்ஸைக் கேட்டால் என்ன நியாயம்?

தளம் கட்டுபவர்கள் மேல் எனக்கு இன்னொரு கோபம் உண்டு. ஒரு தளத்தில் ஒரு படிவம் நிரப்பப் போனேன், 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இயங்கும்' என்று வாசலிலேயே பலகை. மைக்ரோசாஃப்ட்டே அந்த பிரவுசருக்கு 2022 ஜூன் 15இல் ஓய்வு கொடுத்துவிட்டது. ஓய்வுபெற்றவரைக் கூட்டி வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்கிறார்கள், அந்த வகையில் எனக்காவது மரியாதை கொடுத்திருக்கலாம்! இப்படி ஆள் பெயரைக் கேட்டுக் கதவடைக்கும் பழக்கம் இணையத்தில் 1990களிலேயே தொடங்கியது. அதற்காக பிரவுசர்கள் பொய்ப்பெயர் சொல்லப் பழகின. இன்றைக்கும் குரோம் ஒவ்வொரு தளத்திடமும் தன்னை அறிமுகப்படுத்தும்போது 'மொசில்லா' என்றுதான் தொடங்கும். அந்த வரியிலேயே 'கேஹெச்டிஎம்எல்' என்று ஒரு சொல்லும் வரும். அது என்ன தெரியுமா மாப்பிள்ளை? லினக்ஸ்காரர்களின் கேடிஇ குழு, கான்கரர் என்ற தங்கள் பிரவுசருக்காக எழுதிய எஞ்சின். அதை எடுத்து வளர்த்துத்தான் ஆப்பிள் 2003இல் சஃபாரியைக் கொண்டுவந்தது. சஃபாரியின் வெப்கிட்டில் தொடங்கியது குரோம். 2013இல் அதிலிருந்து பிரிந்ததுதான் குரோமின் இன்றைய பிளிங்க் எஞ்சின். லினக்ஸில் பிரவுசர் ஓடாது என்று நீ தட்டச்சு செய்த பிரவுசரின் பாட்டன் லினக்ஸ் வீட்டுப் பிள்ளை. உன் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான்.

கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என் மனசு ஒப்பவில்லை. யோசித்துப் பாருங்கள். அவர் மூலையில் இருந்த தேதியைப் பார்த்து, "அம்மா, பேட்டரி போயிருக்கு, நேரத்தை மாத்திட்டேன், பார்த்து சொன்னதுக்கு 200 ரூபாய் கொடுங்க" என்றிருந்தால் நாம் கொடுத்திருப்போமா? "ரெண்டு நிமிஷ வேலைக்கு இருநூறா" என்று சண்டைக்குப் போயிருப்போம். மூன்று மணி நேரம் டிஸ்க் சுழன்றால் 700 ரூபாயை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டுகிறோம். பார்ப்பதற்கும் யோசிப்பதற்கும் நாம் காசு கொடுப்பதில்லை. அதனால் அவர் ஃபார்மட்டை விற்கிறார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. துணி துவைக்கப் போடுகிறவன்கூடச் சட்டைப்பையைத் துழாவிப் பார்ப்பான்.

லினக்ஸ் தெரிந்த என் பிள்ளைகளே, நீங்களும் தப்பிக்க முடியாது. யாராவது உதவி கேட்டால், "இதை டெர்மினல்ல பேஸ்ட் பண்ணுங்க" என்று ஒரு வரியை வீசிவிட்டுப் போகிறீர்களே, அது என்ன செய்யும் என்று இன்னொரு வரி எழுதினால் கை ஒடிந்துவிடுமா? எனக்கு வந்த கோளாறு அப்படி ஒட்டிய வரியால் வந்ததுதான். விளக்காமல் கட்டளை கொடுப்பதும் விசாரிக்காமல் ஃபார்மட் போடுவதும் ஒரே வகுப்புப் பிள்ளைகள், பக்கத்துப் பக்கத்து பெஞ்சு.

"உங்களுக்கு ரிட்டயர்டு ஆகி நேரம் இருக்கு சார், எங்களுக்கு நேரமில்லை" என்று ஒருவன் போனில் சொன்னான். உன் நேரத்தைக் கணக்கு போட்டுச் சொல்கிறேன் தம்பி. ஃபார்மட்டுக்கு மூன்று மணி. அதற்குப் பிறகு பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு, பாஸ்வேர்டு எல்லாம் திரும்பப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழுதியிருப்பதைப் படிக்க அரை நிமிடம்.

அந்த லேப்டாப்பை இணையத்தோடு சேர்க்காமல், அதில் எதையும் எழுதாமல், பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்டினேன். ஃபார்மட் ஆன டிஸ்க்கிலும் மேலே வேறு எதுவும் எழுதப்படாத இடங்களில் பழைய படங்கள் இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். ஒரு ராத்திரியும் மறுநாள் பாதியும் ஓடியது. ஃபைல் பெயரும் கிடையாது, ஃபோல்டரும் கிடையாது, எஃப் எழுத்தும் பின்னால் ஒரு நீள எண்ணும்தான். ஆயிரக்கணக்கில் வந்தன. பெரும்பாலும் பிரவுசர் தன் கேஷில் சேர்த்துவைத்திருந்தவை. புடவை விளம்பரம், செருப்பு விளம்பரம், தளங்களின் சின்னச் சின்ன லோகோக்கள். தாயும் மகளும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். முப்பத்தி நாலு படம் கிடைத்தது. இருநூறுக்கு மேல் இருந்ததாக அண்ணன் சொல்கிறான்.

ஒன்றில் மேல்பாதி மட்டும் இருந்தது. அப்பாவின் முகம், தோள் வரை. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. இது கெட்டுப்போன ஃபைல், அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா.